காற்பந்தாட்ட, ஃபுட்சால் வீரர்களின் உடற்தகுதி

காற்பந்தாட்ட, ஃபுட்சால் வீரர்களின் உடற்தகுதி என்பது காற்பந்தாட்டத்தையும் (இலங்கை வழக்கு: உதைபந்தாட்டம்), அதன் உள்ளரங்க வடிவமான ஃபுட்சாலையும் ஆடும் வீரர்கள், ஆட்டத்தின் தொடக்கம் முதல் முடிவு வரை தம் திறமையை வெளிப்படுத்தத் தேவையான உடல் இயல்புகளின் தொகுப்பைக் குறிக்கும். தாங்குதிறன், வேகம், தசைவலு, திசை மாற்றும் திறன், களைப்பிலிருந்து மீளும் திறன் ஆகியவை இவற்றுள் முதன்மையானவை.

ஒரு வீரர் ஓடிய மொத்தத் தொலைவே அவரது உடற்தகுதிக்கு அளவுகோல் என்று பொதுவாகக் கருதப்படுகின்றது. ஆனால் இவ்விரு ஆட்டங்களும் சீரான வேகத்தில் ஓடும் நெடுந்தொலைவு ஓட்டம் போன்றவை அல்ல. சில விநாடிகள் நீடிக்கும் கடும் முயற்சியும், அதனையடுத்து வரும் குறுகிய ஓய்வும் மாறி மாறி வரும் விட்டுவிட்டு இயங்கும் ஆட்டங்கள் ஆகும். எனவே கடும் முயற்சியை எத்தனை முறை திரும்பச் செய்ய முடியும், அவற்றுக்கிடையே எவ்வளவு விரைவாக மீள முடியும் என்பவையே உடற்தகுதியைத் தீர்மானிக்கின்றன. இக்கடும் முயற்சிகளின் தன்மை இரு ஆட்டங்களிலும் வேறுபடுவதால், ஒன்றுக்கு ஆயத்தமான உடல் மற்றதற்கும் ஆயத்தமாக இருக்கும் என்று கொள்ள இயலாது.

இரு ஆட்டங்களின் அமைப்பு

ஃபுட்சால் 1930 ஆம் ஆண்டில் உருகுவே நாட்டின் மொண்டேவீடியோ நகரில் உருவானது. அங்கிருந்த இளைஞர் கிறித்தவ சங்கத்தில் பணியாற்றிய ஆசிரியரான உவான் கார்லோசு செரியானி இதனை உருவாக்கினார். ஃபிஃபா நடத்திய முதலாவது ஃபுட்சால் உலகக்கோப்பை 1989 ஆம் ஆண்டில் நெதர்லாந்தில் நடைபெற்றது. பெண்களுக்கான முதலாவது ஃபுட்சால் உலகக்கோப்பை 2025 ஆம் ஆண்டில் பிலிப்பீன்சில் நடைபெற்றது.

உடல் தேவைகளைத் தீர்மானிக்கும் முதன்மையான விதி வேறுபாடுகள் பின்வருமாறு:

* வீரர்கள்: காற்பந்தாட்டத்தில் அணிக்கு 11 பேர்; ஃபுட்சாலில் இலக்குக் காவலர் உட்பட 5 பேர்.
* ஆடுகளம்: காற்பந்தாட்டத்தில் வழக்கமாக 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் கொண்ட புல்தரை, ஃபுட்சாலில் வழக்கமாக 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் கொண்ட கடினத் தளம்.
* நேரம்: காற்பந்தாட்டத்தில் 45 நிமிடங்கள் கொண்ட இரு பாதிகள், கடிகாரம் நிறுத்தப்படுவதில்லை, ஃபுட்சாலில் 20 நிமிடங்கள் கொண்ட இரு பாதிகள், பந்து ஆட்டத்தில் இல்லாதபோது கடிகாரம் நிறுத்தப்படும்.
* பந்து: காற்பந்தின் சுற்றளவு 68 முதல் 70 செ.மீ. வரை, ஃபுட்சால் பந்தின் சுற்றளவு 62 முதல் 64 செ.மீ. வரை. ஃபுட்சால் பந்து 2 மீட்டர் உயரத்திலிருந்து விழவிடப்பட்டால், முதல் எழும்பலில் 65 செ.மீ.க்கு மேல் எழும்பக் கூடாது.
* மாற்று வீரர்கள்: காற்பந்தாட்டத்தில் வெளியேறிய வீரர் அதே ஆட்டத்தில் மீண்டும் இறங்க இயலாது, ஃபுட்சாலில் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே எத்தனை முறை வேண்டுமானாலும் வீரர்களை மாற்றலாம், வெளியேறியவர் மீண்டும் இறங்கலாம்.

இவ்வேறுபாடுகளின் விளைவை எளிய கணக்கு ஒன்றால் அறியலாம். காற்பந்தாட்டக் களத்தின் பரப்பு 7,140 சதுர மீட்டர். அதனை 22 வீரர்களுக்குப் பகிர்ந்தால் ஒருவருக்கு ஏறத்தாழ 325 சதுர மீட்டர் கிடைக்கும். ஃபுட்சால் களத்தின் பரப்பு 800 சதுர மீட்டர். அதனை 10 வீரர்களுக்குப் பகிர்ந்தால் ஒருவருக்கு 80 சதுர மீட்டர் மட்டுமே கிடைக்கும். இடம் கால் பங்காகக் குறைவதால் எதிரணி வீரர் எப்போதும் மிக அருகில் இருப்பார். பந்தைப் பெறுதல், முடிவெடுத்தல், திரும்புதல் ஆகிய அனைத்தும் குறைந்த நேரத்தில் நடந்தாக வேண்டும்.

ஆய்வு வரலாறு

வீரர்களின் ஓட்டத்தை முறையாக அளக்கும் ஆய்வுகளுள் முன்னோடியாகக் கருதப்படுவது, இங்கிலாந்தில் ரைலி, தாமசு ஆகியோர் 1976 ஆம் ஆண்டில் வெளியிட்டது ஆகும். ஒரு வீரரின் ஒவ்வோர் அசைவையும் நடை, மெதுவோட்டம், ஓட்டம், விரைவோட்டம் என்று வகைப்படுத்தி அவர்கள் பதிவு செய்தனர். அதில் வீரர்கள் ஓர் ஆட்டத்தில் சராசரியாக 8.7 கிலோமீட்டர் அளவு இடம்பெயர்ந்ததாகக் கண்டறியப்பட்டது. பின்னர் ஒளிப்படக் கருவிகளும் கணினியும் இப்பணியை மேற்கொண்டன. செயற்கைக்கோள் வழி இடங்காணும் கருவிகளை வீரர்கள் ஆட்டத்தின்போது அணிவதற்கு, காற்பந்தாட்ட விதிகளை வகுக்கும் பன்னாட்டுச் சபை 2015 ஆம் ஆண்டில் இசைவளித்தது.

செயற்கைக்கோள் சமிக்கைகள் கூரைக்குக் கீழே நம்பத்தக்க அளவில் கிடைப்பதில்லை. இதனால் உள்ளரங்கில் ஆடப்படும் ஃபுட்சாலை ஆய்வதற்கு, அரங்கினுள் பொருத்தப்படும் ஒளிப்படக் கருவிகளோ வானொலி அலைகளைக் கொண்டு இடங்காணும் கருவிகளோ தேவைப்படுகின்றன.

காற்பந்தாட்டத்தின் உடல் தேவைகள்

உயர்நிலை ஆட்டங்களில் இலக்குக் காவலர் தவிர்ந்த ஏனைய வீரர்கள் 10 முதல் 13 கிலோமீட்டர் வரை இடம்பெயர்கின்றனர். இதில் பெரும்பகுதி நடையும் மெதுவோட்டமும் ஆகும். விரைவோட்டங்கள் பெரும்பாலும் 2 முதல் 4 விநாடிகளே நீடிக்கின்றன. சராசரியாக ஏறத்தாழ 90 விநாடிகளுக்கு ஒரு முறை நிகழ்கின்றன. நடை, ஓட்டம், தாவல், திரும்பல் என்று இயக்கத்தின் வகை ஓர் ஆட்டத்தில் ஆயிரம் முறைக்கு மேல் மாறுகின்றது.

ஆட்டத்தின்போது இதயத் துடிப்பு சராசரியாக அதன் உச்ச அளவின் 80 முதல் 90 விழுக்காடு வரை இருக்கும். எடுத்துக்காட்டாக, ஒருவரது உச்சத் துடிப்பு நிமிடத்திற்கு 190 எனில், அவரது இதயம் 90 நிமிடங்களும் சராசரியாக நிமிடத்திற்கு 160 முறை அளவில் துடிக்கின்றது.

களத்தில் வகிக்கும் இடத்தைப் பொறுத்து இத்தேவைகள் வேறுபடுகின்றன. நடுக்கள வீரர்கள் பொதுவாக மிக அதிகமான தொலைவு ஓடுகின்றனர். மையப் பின்கள வீரர்கள் குறைவாக ஓடினாலும், உயரே தாவுதல், எதிரணி வீரருடன் மோதுதல் ஆகியவற்றில் மிகுதியாக ஈடுபடுகின்றனர். பக்கவாட்டு வீரர்களும் முன்கள வீரர்களும் அதிகமான விரைவோட்டங்களை மேற்கொள்கின்றனர். இலக்குக் காவலர் 4 முதல் 6 கிலோமீட்டர் வரையே இடம்பெயர்கின்றார். ஆனால் அவரிடம் எதிர்பார்க்கப்படுவது ஒரு நொடிக்குள் நிகழும் வெடிப்பு வலு ஆகும்.

மொத்தத் தொலைவைவிடக் கடும் ஓட்டமே ஆட்டத் தரத்தைக் காட்டுகின்றது என்பதற்கு மோர், குருசுத்ருப், பாங்சுபோ ஆகியோர் 2003 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு சான்றாகும். இதில் உலகின் முன்னணி வீரர்கள், அவர்களுக்கு ஒரு படி கீழிருந்த தொழில்முறை வீரர்களுடன் ஒப்பிடப்பட்டனர். முன்னணி வீரர்கள் அதிவேக ஓட்டத்தில் 2.43 கிலோமீட்டரும், மற்றவர்கள் 1.90 கிலோமீட்டரும் கடந்தனர். இது 28 விழுக்காடு அதிகம். விரைவோட்டத்தில் இவ்வேறுபாடு 58 விழுக்காடாக இருந்தது. மொத்தத் தொலைவில் காணப்பட்ட வேறுபாடு இவற்றைவிட மிகச் சிறியது ஆகும்.

ஜெர்மனியின் முதற்பிரிவு ஆட்டங்களில் பெறப்பட்ட கோல்களை ஆய்ந்து 2012 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட கட்டுரையும் இதனை ஒட்டியே அமைந்தது. கோல் அடித்த வீரர் அதற்குச் சற்று முன் மேற்கொண்ட இயக்கங்களுள், நேர்கோட்டு விரைவோட்டமே மிகுதியாகக் காணப்பட்டது.

ஃபுட்சாலின் உடல் தேவைகள்

ஃபுட்சாலின் ஆட்டநேரம் 40 நிமிடங்கள் என்றாலும், கடிகாரம் அடிக்கடி நிறுத்தப்படுவதால் ஓர் ஆட்டம் முடிய உண்மையில் 70 முதல் 80 நிமிடங்கள் வரை ஆகலாம். களத்தில் இருக்கும் வீரர் நிமிடத்திற்கு ஏறத்தாழ 110 முதல் 120 மீட்டர் வரை இடம்பெயர்கின்றார். இயக்கத்தின் வகை 3 முதல் 4 விநாடிகளுக்கு ஒரு முறை மாறுகின்றது. தொழில்முறை வீரர்களின் இதயத் துடிப்பு சராசரியாக உச்ச அளவின் 85 முதல் 90 விழுக்காட்டை எட்டுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

ஒரு வீரர் தம் உச்ச வேகத்தை எட்டுவதற்கு ஏறத்தாழ 30 முதல் 40 மீட்டர் வரை ஓட வேண்டும். ஃபுட்சால் களத்தின் மொத்த நீளமே 40 மீட்டர் என்பதால், அங்கு உச்ச வேகத்தை எட்டுவதற்கு வாய்ப்பு அரிது. மாறாக, முதல் 5 மீட்டரில் கிடைக்கும் முடுக்கமும், உடனே நின்று திரும்பும் திறனும் முதன்மை பெறுகின்றன.

நின்று திரும்புதல் என்பது எளிய செயலன்று. 70 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் ஓடும்போது அவரது இயக்க ஆற்றல் 1,260 சூல் ஆகும். அவர் நிற்க வேண்டுமாயின் இவ்வாற்றல் முழுவதையும் கால் தசைகள் ஏற்றுக்கொள்ள வேண்டும். எதிர்த்திசையில் மீண்டும் அதே வேகத்தைப் பெற, அதே அளவு ஆற்றலைத் தசைகள் புதிதாக வழங்க வேண்டும். இச்செயலில் கடந்த தொலைவு சில மீட்டர்களே என்பதால் தொலைவுக் கணக்கில் இவ்வுழைப்பு தென்படுவதில்லை. வேகத்தைத் தணிக்கும்போது தசைகள் நீண்டபடியே இறுகுகின்றன. இவ்வகை இறுக்கமே தசையிழைகளுக்கு மிகுதியான நுண்சேதத்தையும், அடுத்த நாட்களில் உணரப்படும் தசைவலியையும் ஏற்படுத்துகின்றது.

வரம்பற்ற மாற்று விதி காரணமாக, பயிற்றுநர்கள் வீரர்களைச் சில நிமிடங்களுக்கு ஒரு முறை மாற்றி, களத்தில் உள்ளவர்கள் எப்போதும் உச்ச முயற்சியுடன் ஆடுமாறு பார்த்துக்கொள்கின்றனர். இதனால் ஃபுட்சாலில் வீரர் தம் முயற்சியைச் சேமித்து ஆடுவதற்கான தேவை குறைகின்றது. அதே வேளையில், போதிய மாற்று வீரர்கள் இல்லாத அணிக்கு இவ்விதியே பாதகமாகிவிடுகின்றது. ஐந்து அல்லது ஆறு பேருடன் ஆடும் அணி, பன்னிரண்டு பேரைச் சுழற்சி முறையில் ஆடவைக்கும் அணியின் வேகத்துக்கு ஈடுகொடுப்பது கடினம்.

ஆற்றல் வழங்கும் முறைகள்

தசைகள் இயங்குவதற்கான உடனடி எரிபொருள் ஏ.டி.பி எனப்படும் மூலக்கூறு ஆகும். இது தசையில் சில விநாடிகளுக்குப் போதுமான அளவே உள்ளது. எனவே உடல் அதனை மூன்று வழிகளில் இடைவிடாது மீளுருவாக்குகின்றது.

# பாசுப்போகிரியேட்டின் வழி: மிக விரைவானது. ஒரு விரைவோட்டத்திற்கோ தாவலுக்கோ பயன்படுகின்றது. சில விநாடிகளில் பெருமளவு தீர்ந்துவிடும்.
# ஆக்சிசன் இன்றிக் கிளைக்கோசனைச் சிதைக்கும் வழி: தசையில் சேமிக்கப்பட்டுள்ள கிளைக்கோசன் என்னும் மாவுச்சத்தைப் பயன்படுத்துகின்றது. இதன்போது லாக்டேட்டு உருவாகின்றது.
# ஆக்சிசனைப் பயன்படுத்தும் வழி: மெதுவானது, ஆயினும் நெடுநேரம் நீடிப்பது. ஆட்டம் முழுவதிலும் செலவாகும் ஆற்றலின் மிகப்பெரும் பகுதி இவ்வழியிலேயே கிடைக்கின்றது.

விரைவோட்டத்தில் முதல் இரு வழிகளும் முன்னிற்கின்றன. எனினும் விரைவோட்டத்திற்குப் பின்னர் தீர்ந்துபோன பாசுப்போகிரியேட்டினை மீண்டும் நிரப்பும் பணியை ஆக்சிசன் வழியே செய்கின்றது. அதனாலேயே, வேகமான ஆட்டக்காரருக்கும் நல்ல தாங்குதிறன் தேவைப்படுகின்றது. தாங்குதிறன் அவரை வேகமாக ஓடச் செய்வதில்லை; அடுத்த முறையும் அதே வேகத்தில் ஓடச் செய்கின்றது.

ஆக்சிசன் வழியின் கொள்ளளவு, உச்ச ஆக்சிசன் நுகர்வு என்னும் அளவால் குறிக்கப்படுகின்றது. உயர்நிலை ஆண் வீரர்களில் இது ஒரு கிலோகிராம் உடல் நிறைக்கு நிமிடத்திற்கு ஏறத்தாழ 55 முதல் 68 மில்லிலீட்டர் வரை இருக்கும். தொழில்முறை ஃபுட்சால் வீரர்களின் அளவுகளும் பெரும்பாலும் இவ்வெல்லைக்குள்ளேயே அமைகின்றன.

களைப்பு

ஆட்டத்தில் களைப்பு இரு வகையாகத் தோன்றுகின்றது. முதலாவது தற்காலிகமானது. மிகக் கடுமையான ஐந்து நிமிடங்களுக்குப் பின்னர், அடுத்த ஐந்து நிமிடங்களில் வீரரின் அதிவேக ஓட்டம் அவரது சராசரிக்கும் கீழே செல்கின்றது. இரண்டாவது ஆட்ட இறுதியில் தோன்றுவது. கடைசி 15 நிமிடங்களில் அதிவேக ஓட்டம் தெளிவாகக் குறைகின்றது. அப்போது புதிதாக இறங்கும் மாற்று வீரர், முழு ஆட்டமும் ஆடியவரைவிட அதிகமாக விரைந்து ஓடுகின்றார்.

இறுதிக் களைப்புக்கு ஒரு முக்கியக் காரணம் கிளைக்கோசன் குறைவு ஆகும். கிளைக்கோசன் குறைந்த தசைகளுடன் ஆட்டத்தைத் தொடங்கியவர்கள் குறைந்த தொலைவே ஓடினர் என்பதைச் சுவீடன் நாட்டு உடலியங்கியலாளர் பெங்த் சால்ட்டின் 1973 ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். 2006 ஆம் ஆண்டில் வெளியான டென்மார்க்கு ஆய்வொன்று, ஆட்ட முடிவில் ஏறத்தாழ பாதித் தசையிழைகளில் கிளைக்கோசன் முற்றிலுமோ பெருமளவோ தீர்ந்திருப்பதைக் கண்டறிந்தது. மொத்தத் தசையில் கிளைக்கோசன் மிச்சமிருந்தாலும், விரைவோட்டத்திற்கு வேண்டிய இழைகளில் அது இல்லாதிருக்கலாம்.

இவை வெறும் ஆய்வுக்கூட உண்மைகள் அல்ல. கோல்கள் மிகுதியாகப் பெறப்படுவது ஆட்டத்தின் கடைசிப் பகுதியிலேயே ஆகும். ஒவ்வொரு பாதியின் இறுதியை நெருங்கும்போது காயங்களும் அதிகரிக்கின்றன.

களைப்பைக் கருத்தில் கொண்டு விதிகளும் மாறியுள்ளன. உலகக்கோப்பையில் மாற்று வீரர்கள் முதன்முதலில் 1970 ஆம் ஆண்டில் அனுமதிக்கப்பட்டனர். 2020 ஆம் ஆண்டில், கொரோனாப் பெருந்தொற்றுக்குப் பின் ஆட்டங்கள் நெருக்கமாக நடத்தப்பட்டபோது, மூன்றாக இருந்த மாற்று வீரர் எண்ணிக்கையை ஐந்தாக்க தற்காலிகமாக இசைவளிக்கப்பட்டது. இது 2022 ஆம் ஆண்டில் நிலையான விதியாக ஏற்கப்பட்டது.

அளவிடும் முறைகள்

ஆய்வுக்கூடத்தில் ஓடுபொறியின் மீது ஓடவைத்து உச்ச ஆக்சிசன் நுகர்வை அளப்பது துல்லியமான முறையாகும். எனினும் களத்தில் எளிதாகச் செய்யக்கூடிய சோதனைகளே பெரிதும் பயன்படுகின்றன.

* கூப்பர் சோதனை: அமெரிக்க விமானப்படை மருத்துவரான கென்னத் கூப்பர் 1968 ஆம் ஆண்டில் வெளியிட்டது. 12 நிமிடங்களில் ஓடக்கூடிய தொலைவு அளக்கப்படுகின்றது. ஓட்டம் தொடர்ச்சியானது என்பதால் இவ்வாட்டங்களின் தன்மையை இது முழுமையாகப் பிரதிபலிப்பதில்லை.
* யோ-யோ விட்டுவிட்டு மீளும் சோதனை: டென்மார்க்கைச் சேர்ந்த யென்சு பாங்சுபோ உருவாக்கியது. 20 மீட்டர் சென்று திரும்பியபின் 10 விநாடிகள் மெதுவாக நடந்து, மீண்டும் ஓட வேண்டும். ஒலிக் குறிப்புகளுக்கு இடையிலான நேரம் படிப்படியாகக் குறையும். இரண்டு முறை உரிய நேரத்தில் கோட்டை எட்டத் தவறினால் சோதனை முடிவடையும். இதன் முதல்நிலைச் சோதனையில் தொழில்முறை வீரர்கள் பெரும்பாலும் 2 கிலோமீட்டருக்கு மேல் கடக்கின்றனர்.
* தொடர் விரைவோட்டச் சோதனை: எடுத்துக்காட்டாக, 20 மீட்டர் சென்று திரும்பும் விரைவோட்டத்தை 20 விநாடி ஓய்வுடன் ஆறு முறை செய்தல். சிறந்த நேரம் 7.00 விநாடி, ஆறின் சராசரி 7.35 விநாடி எனில், வேகச் சரிவு 5 விழுக்காடு ஆகும்.
* செங்குத்துத் தாவல் சோதனை: கால்களின் வெடிப்பு வலுவை அளக்கின்றது.

பயிற்சியின் சுமையைக் கணிக்கக் கருவிகள் ஏதுமற்ற முறையும் உண்டு. பயிற்சி முடிந்ததும் அது எவ்வளவு கடினமாக இருந்தது என்பதை வீரர் 0 முதல் 10 வரையான எண்ணால் கூற வேண்டும். அதனைப் பயிற்சி நிமிடங்களால் பெருக்கினால் சுமை கிடைக்கும். 90 நிமிடப் பயிற்சிக்கு ஒருவர் 6 என்று கூறினால், சுமை 540 அலகுகள் ஆகும். அமெரிக்க ஆய்வாளர் கார்ல் பாசுட்டர் முன்வைத்த இம்முறை, பணவசதி குறைந்த கழகங்களுக்கும் பள்ளிகளுக்கும் ஏற்றது. வாரத்தின் மொத்தச் சுமை திடீரென்று உயராமல் பார்த்துக்கொள்வதற்கு ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் போதுமானவை.

பயிற்சி

தாங்குதிறனை வளர்க்க மணிக்கணக்கில் மெதுவாக ஓட வேண்டியதில்லை. நார்வேயில் இளம் வீரர்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2001 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், 4 நிமிடக் கடும் ஓட்டம் நான்கு முறை, இடையே 3 நிமிட மெதுவோட்டம் என்ற பயிற்சி வாரம் இரு முறை, எட்டு வாரங்களுக்கு அளிக்கப்பட்டது. கடும் ஓட்டத்தின்போது இதயத் துடிப்பு உச்ச அளவின் 90 முதல் 95 விழுக்காடாக இருந்தது. உச்ச ஆக்சிசன் நுகர்வு ஏறத்தாழ 58 இலிருந்து 64 மில்லிலீட்டராக உயர்ந்தது. ஆட்டத்தில் ஓடிய தொலைவு 20 விழுக்காடு கூடியது.

மூவர் அல்லது நால்வர் கொண்ட அணிகளாகப் பிரிந்து சிறு களத்தில் ஆடும் சிறுகள ஆட்டங்களும் இதே அளவு இதயத் துடிப்பை ஏற்படுத்த வல்லவை. பந்துடன் ஆடுவதால் நுட்பமும் உடன் வளர்கின்றது. ஆனால் சிறுகள ஆட்டங்களில் மட்டும் பயிற்சி பெறும் காற்பந்தாட்ட வீரர் உச்ச வேகத்தில் ஓடப் பழகுவதில்லை. அவர் போட்டியில் திடீரென்று 40 மீட்டர் விரைந்து ஓட நேரும்போது பின்தொடைத் தசை கிழியும் வாய்ப்பு மிகுகின்றது. ஃபுட்சாலிலிருந்து காற்பந்தாட்டத்திற்கு மாறுபவர்களுக்கும் இது பொருந்தும். எதிர்த்திசையில் மாறுபவர்கள், கடினத் தளத்தில் அடிக்கடி நிற்பதற்கும் திரும்புவதற்கும் தம் கால்களைப் படிப்படியாகப் பழக்க வேண்டும்.

பெரியவர்களில் போட்டிக்கு முந்திய நாளும் போட்டி நாளும் ஒரு கிலோகிராம் உடல் நிறைக்கு 6 முதல் 8 கிராம் வரை மாவுச்சத்து உட்கொள்ளுமாறு பரிந்துரைக்கப்படுகின்றது. 70 கிலோகிராம் நிறையுள்ளவருக்கு இது 420 முதல் 560 கிராம் வரை ஆகும். சோறு, இட்லி, உருளைக்கிழங்கு, வாழைப்பழம் போன்ற வழக்கமான உணவுகளே இதற்குப் போதுமானவை.

காயங்களும் தடுப்பும்

தொழில்முறை ஆண்கள் காற்பந்தாட்டத்தில் மிகப் பொதுவான தசைக் காயம் பின்தொடைத் தசையில் ஏற்படுவதாகும். ஃபுட்சாலில் கணுக்கால், முழங்கால், தொடையின் உட்பக்கத் தசைகள் ஆகியவை அதிகம் பாதிக்கப்படுகின்றன. இவற்றுள் பல, எவருடனும் மோதாமலேயே, நிற்கும்போதும் திரும்பும்போதும் ஏற்படுகின்றன.

முழங்காலின் உள்ளே தொடையெலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கும் முன் குறுக்குப் பிணைநார் அறுதல் மிகக் கடுமையான காயங்களுள் ஒன்று. இதிலிருந்து மீள வழக்கமாக ஒன்பது மாதங்களோ அதற்கு மேலோ ஆகும். பெண் வீரர்களுக்கு இக்காயம் ஏற்படும் வாய்ப்பு ஆண்களைவிட இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகம். இங்கிலாந்தின் லியா வில்லியம்சன், பெத் மீட், நெதர்லாந்தின் விவியன் மீடெமா ஆகிய முன்னணி வீராங்கனைகள் 2023 ஆம் ஆண்டின் பெண்கள் உலகக்கோப்பையில் ஆட இயலாமற்போனதற்கு இக்காயமே காரணம்.

இக்காயங்களுள் ஒரு பகுதி தடுக்கக்கூடியது. ஃபிஃபாவின் மருத்துவ ஆய்வு மையம் வேறு ஆய்வு நிறுவனங்களுடன் இணைந்து உருவாக்கிய "11+" என்னும் ஆயத்தப் பயிற்சி 15 பயிற்சிகளைக் கொண்டது. 20 நிமிடங்களில் முடியக்கூடியது. பந்தைத் தவிர வேறு கருவிகள் தேவையற்றது. நார்வேயில் 13 முதல் 17 வயது வரையான பெண்களிடம் நடத்தப்பட்டு 2008 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், இதனைப் பின்பற்றிய அணிகளில் கடுமையான காயங்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன. மண்டியிட்ட நிலையில், ஒருவர் கணுக்கால்களைப் பிடித்துக்கொள்ள, உடலை மெதுவாக முன்னோக்கிச் சாய்க்கும் நோர்டிக்குப் பயிற்சி, புதிய பின்தொடைக் காயங்களைப் பாதிக்கும் மேல் குறைத்ததை 2011 ஆம் ஆண்டின் டென்மார்க்கு ஆய்வு காட்டியது.

வெப்பமும் நீரிழப்பும்

உடல் நிறையில் 2 விழுக்காடு அளவு நீரை இழந்தாலே ஆட்டத்திறன் குறையத் தொடங்கும். 70 கிலோகிராம் நிறையுள்ளவருக்கு இது 1.4 கிலோகிராம் ஆகும். வெப்பமான நாட்களில் ஓர் ஆட்டத்திலேயே இந்த இழப்பு ஏற்படலாம். ஆட்டத்திற்கு முன்னும் பின்னும் நிறையை அளந்து பார்ப்பது, எவ்வளவு நீர் பருக வேண்டும் என்பதை அறிய எளிய வழியாகும்.

வெப்பத்தின் தாக்கத்தை வெப்பமானி மட்டும் காட்டுவதில்லை. காற்றில் ஈரப்பதம் மிகுந்தால் வியர்வை ஆவியாவது தடைப்பட்டு உடல் குளிர இயலாது. எனவே ஈரக்குமிழ் வெப்பநிலைக்கு 70 விழுக்காடும், வெயிலின் தாக்கத்தைக் காட்டும் கருங்கோள வெப்பநிலைக்கு 20 விழுக்காடும், காற்றின் வெப்பநிலைக்கு 10 விழுக்காடும் அளித்துக் கணிக்கப்படும் குறியீடு பயன்படுத்தப்படுகின்றது. 2014 ஆம் ஆண்டு உலகக்கோப்பையில் இக்குறியீடு 32 பாகை செல்சியசைத் தாண்டினால் இடைவேளை அளிக்கலாம் என்று விதிக்கப்பட்டிருந்தது. அவ்வாண்டு சூன் 29 அன்று பிரேசிலின் போர்த்தலேசா நகரில் நடந்த நெதர்லாந்து - மெக்சிக்கோ ஆட்டம் இவ்வாறு நீர் பருகுவதற்காக நிறுத்தப்பட்டது. கடலோர வெப்ப மண்டல நகரங்களில், வெப்பமானி குறைந்த அளவைக் காட்டும் மாலை வேளையிலும் ஈரப்பதத்தால் இக்குறியீடு உயர்ந்தே இருக்கலாம்.

இதயப் பாதுகாப்பு

சிறந்த உடற்தகுதி இதயம் நலமாக உள்ளது என்பதற்கு உறுதி அளிப்பதில்லை. 2003 சூன் 26 அன்று பிரான்சின் லியோன் நகரில், கொலம்பியாவுக்கு எதிரான கூட்டமைப்புகள் கோப்பை அரையிறுதியில் கமரூன் வீரர் மார்க்-விவியன் போயே எவருடனும் மோதாமல் களத்தில் விழுந்து இறந்தார். அவருக்கு வயது 28. பரம்பரையாக வரக்கூடிய இதயத் தசைத் தடிப்பு நோய் அவருக்கு இருந்தது பின்னர் அறியப்பட்டது. 2004 திசம்பர் 5 அன்று பெங்களூரில் நடந்த கூட்டமைப்புக் கோப்பை இறுதியாட்டத்தில், டெம்போ அணியின் பிரேசில் வீரர் கிறித்தியானோ சூனியர் களத்தில் விழுந்து உயிரிழந்தார்.

2021 சூன் 12 அன்று கோபன்கேகனில் பின்லாந்துக்கு எதிரான ஐரோப்பியக் கோப்பை ஆட்டத்தில் டென்மார்க்கு வீரர் கிறித்தியன் எரிக்சனின் இதயம் நின்றது. உடனடியாக மார்பை அழுத்தியும், இதய மின்னதிர்வுக் கருவியைப் பயன்படுத்தியும் அவர் காப்பாற்றப்பட்டார். மார்பில் கருவியொன்று பொருத்தப்பட்டபின், 2022 பெப்ரவரியில் அவர் மீண்டும் களமிறங்கினார்.

இதய நிறுத்தத்தின்போது, மார்பழுத்தம் அளிக்கப்படாத ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பைப் பெரிதும் குறைக்கின்றது. மோதல் எதுவுமின்றி ஒரு வீரர் விழுந்து அசைவற்றுக் கிடந்தால், அதனை இதய நிறுத்தமாகவே கருதி உடனே செயற்பட வேண்டும். ஓடும்போது மயங்கி விழுந்தவர்கள், மார்புவலி உள்ளவர்கள், குடும்பத்தில் எவரேனும் இளவயதில் திடீரென்று இறந்திருப்பவர்கள் ஆகியோர் ஆடுவதற்கு முன் மருத்துவரை அணுகி இதய மின்னலை வரைவு உள்ளிட்ட சோதனைகளைச் செய்துகொள்வது இன்றியமையாதது. உடற்தகுதிச் சோதனைகள் எவையும் இம்மருத்துவச் சோதனைக்கு மாற்றாக மாட்டா.

இவற்றையும் பார்க்கவும்

* காற்பந்தாட்டம்
* ஃபுட்சால்
* கிளைக்கோசன்
* இதய நிறுத்தம்
* முதலுதவி